எச்சில் புளித்தால் பல்செட் என்ன ஆகும்?

பெங்களூரின் அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் பல் கிளினிக் படியேறும் நம்மூர்ப் பெரியவர்கள் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விதான். "செட் கட்டி ரெண்டு வருஷம்கூட ஆகலை. பளபளப்பு போச்சு, நாக்கு பட்டா சொரசொரங்குது, மேல் செட்டுல நடுவுல மயிரிழை மாதிரி ஒரு கோடு. தினம் ரசம், புளிக்குழம்பு. அந்தப் புளிதான் அரிச்சிடுச்சா டாக்டர்?"

சந்தேகத்தில் பாதி சரி. அமிலத்துக்கு இதில் பங்கு உண்டு. ஆனால் குற்றவாளி இலையில் விழும் ரசம் அல்ல. ரசம் வாயில் சில நிமிஷம் இருந்துவிட்டுப் போகிறது. ராத்திரி முழுக்கக் கழற்றாத செட்டுக்கும் அண்ணத்துக்கும் நடுவே ஊறிக்கிடக்கிற அமிலம்தான் செட்டின் ஆக்ரிலிக் பிளாஸ்டிக்கைத் தொந்தரவு செய்கிறது. அதுவும் செட்டைச் செய்யும் லேப்பில் ஏதாவது குறை விட்டுப்போயிருந்தால்தான் அந்தத் தொந்தரவு பெரிதாகிறது.

இயற்கைப் பல்லையும் பல்செட்டையும் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். பல்லின் எனாமல் தாது. வாயின் பிஎச் (அமில அளவைச் சொல்லும் எண்; 7 நடுநிலை, குறையக் குறைய அமிலம் அதிகம்) 5.5 வாக்கில் இறங்கினால் அதன் கால்சியமும் பாஸ்பேட்டும் கரையத் தொடங்கும். செட்டின் ஈறு நிறத் தளத்தில் கரைவதற்குத் தாது கிடையாது. அது பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட் என்ற ஆக்ரிலிக் பிளாஸ்டிக். 1937-இல் வால்டர் ரைட் அதைப் பல்செட் தளமாகப் பயன்படுத்திக் காட்டினார். அதுவரை ஆட்சி செய்த வல்கனைட் ரப்பரை அது ஒதுக்கித் தள்ள பத்து வருஷம்கூட ஆகவில்லை. சிறு மூலக்கூறுகள் கோத்துக்கொண்ட இந்தப் பாலிமர்ச் சங்கிலியில் எஸ்டர் பிணைப்புகள் இருக்கின்றன; எஸ்டரை அமிலம் உடைக்கும் என்பது பள்ளிக்கூட வேதியியல். ஆனால் இங்கே ஒவ்வொரு எஸ்டருக்கும் பக்கத்தில் ஒரு மெத்தில் குழு காவல் நிற்கிறது. உடம்புச் சூட்டில், எச்சிலில் இருக்கக்கூடிய அமில அளவில், அந்தப் பிணைப்பு உடைவது கணக்கில் சேராத அளவுக்கு மெதுவானது. தண்ணீர் கலக்காத கெட்டி அசெட்டிக் அமிலத்தில் போட்டால் இதே ஆக்ரிலிக் கரைந்தே போகும். அதே அமிலம் நூற்றுக்கு நாலைந்து பங்காக இருக்கும் சமையலறை வினிகரில் கரையாது. ஆகவே "அமிலம் பட்டால் அரிக்கும்" என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிட முடியாது. எந்த அமிலம், எவ்வளவு, எவ்வளவு நேரம் என்று கேட்டாக வேண்டும்.

ஜவ்வரிசிப் பாயசம்

பளபளவென்று கண்ணாடி போல இருப்பதால் ஆக்ரிலிக் தளம் ஒரே கட்டி என்று தோன்றும். உள்ளே அப்படி இல்லை. லேப்பில் பொடியையும் திரவத்தையும் கன அளவில் 3-க்கு 1 என்று கலக்கிறார்கள். பொடி என்பது ஏற்கனவே பாலிமர் ஆகிவிட்ட நுண்ணிய மணிகள். கூடவே வினையைத் தொடங்கிவைக்கும் பென்சாயில் பெராக்சைடு, நிறமி, ரத்தநாளம் போலத் தெரியும் சிவப்பு நைலான் இழைகள். திரவம் மெத்தில் மெத்தாக்ரிலேட் மோனமர், அதாவது சங்கிலியாகக் கோக்கப்படாத தனி மூலக்கூறு. அதில் சங்கிலிகளைக் குறுக்கே கோக்கும் டைமெத்தாக்ரிலேட் கொஞ்சம். மணிகளின் மேற்புறம் ஊறி, இடையில் உள்ள மோனமர் இறுகிப் பாலிமர் ஆகிறது. பாயசத்தில் ஜவ்வரிசி கிடப்பது போல மணிகள், சுற்றிலும் புதிதாக இறுகிய பாகு.

அந்தப் பாகுதான் பலவீனமான இடம். இறுகாமல் மீந்துபோன மோனமர் அங்கேதான் தங்குகிறது. முறையாகச் சூட்டில் வேகவைத்த ஹீட் க்யூர் ஆக்ரிலிக்கில் இந்த மீதி 0.2 முதல் 0.5 சதவீதம். சூடில்லாமல் தானாக இறுகும் கோல்டு க்யூர் வகையில் 3 முதல் 5 சதவீதம் வரை போகும். மீந்த மோனமர் இரண்டு வேலை செய்கிறது. உள்ளே இருக்கும்வரை பிளாஸ்டிக்கை இளக்கி வைக்கிறது. வெளியே கசிந்த பிறகு, தான் இருந்த இடத்தைக் காலியாக விட்டுப்போகிறது. அந்த இடத்துக்குத் தண்ணீர் வருகிறது, தண்ணீரோடு எச்சிலில் உள்ள மற்றதும் வருகிறது.

தண்ணீர் குடிப்பது ஆக்ரிலிக்கின் பிறவிக்குணம். எடையில் ஏறக்குறைய 2 சதவீதம்வரை குடிக்கும். எடை 1 சதவீதம் கூடினால் நீளம் 0.23 சதவீதம் விரியும். ஒரு செட் முழுசாக ஊறி நிறைய இரண்டரை வாரம்போல ஆகும். இது எல்லா ஆக்ரிலிக்குக்கும், எல்லா வாயிலும் நடப்பது. நடுநிலை எச்சிலிலும் நடக்கும். சோதனைக்கூடத்தில் அமிலச் செயற்கை எச்சிலில் ஊறவைத்த துண்டுகளையும் சாதாரணமாக ஊறவைத்தவற்றையும் ஒப்பிட்டால் மேற்பரப்புக் கடினம் கொஞ்சம் குறைவதும் சொரசொரப்பு கொஞ்சம் ஏறுவதும் தெரிகிறது. வளைத்து முறிக்கும் சோதனையில் வித்தியாசம் சிறிது. துண்டை எப்படி வேகவைத்தார்கள், எப்படிப் பாலிஷ் போட்டார்கள் என்பதைப் பொறுத்து முடிவு மாறுகிறது. பிஎச் செய்வதைவிடத் தண்ணீர் செய்வது பெரிது என்று சொன்னால் தப்பில்லை.

பிறகு அமிலத்தின் பங்கு எங்கே வருகிறது? ஹைட்ரஜன் அயனி தண்ணீர் மூலக்கூறுகளால் மூடப்பட்ட, மின்னூட்டம் உள்ள பொருள். எண்ணெய்த்தன்மை உள்ள பாலிமருக்குள் அது எளிதில் புகாது. அயனியாகப் பிரியாமல் முழு மூலக்கூறாக நிற்கும் கரிம அமிலத்துக்கு அந்தத் தடை குறைவு. வாயில் சர்க்கரையைத் தின்று கிருமிகள் உண்டாக்கும் லாக்டிக் அமிலத்தை எடுத்துக்கொள்வோம். பிஎச் 7-இல் பத்தாயிரத்தில் ஏழு மூலக்கூறுதான் பிரியாமல் நிற்கும். பிஎச் 5-க்கு இறங்கினால் நூற்றுக்கு ஏழு. எண்ணளவில் 2 இறங்கியதுதான். உள்ளே நுழையத் தயாராக நிற்கும் கூட்டம் நூறு மடங்கு ஆகிவிட்டது. நன்றாக வெந்த, நெருக்கமான ஆக்ரிலிக் இந்தக் கூட்டத்தையும் வாசலிலேயே நிறுத்திவிடும். இறுகாத பாகு, நுண்துளை, ஒட்டுப்போட்ட கோடு இவை உள்ள செட்டில்தான் அது உள்ளே போகிறது.

ஐஎஸ்ஓ 20795-1 என்ற தரவிதி இதையெல்லாம் எண்ணில் கட்டிவைத்திருக்கிறது. 50 மில்லிமீட்டர் விட்டமும் அரை மில்லிமீட்டர் தடிமனும் உள்ள வட்டத் தகட்டை எடை மாறாதவரை உலர்த்தி, 37 டிகிரி தண்ணீரில் 7 நாள் வைத்து, எடை போட்டு, மறுபடி உலர்த்தி எடை போடுவார்கள். குடித்த தண்ணீர் ஒரு கனமில்லிமீட்டருக்கு 32 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. கரைந்து வெளியேறியது ஹீட் க்யூரில் 1.6 மைக்ரோகிராம், கோல்டு க்யூரில் 8 மைக்ரோகிராம்வரை அனுமதி. மீந்த மோனமர் முறையே 2.2, 4.5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அந்தத் தகட்டின் கன அளவு சுமார் 982 கனமில்லிமீட்டர்; ஆக, ஹீட் க்யூர் தகடு ஒன்றரை மில்லிகிராம் இழந்தாலே எல்லையைத் தொட்டுவிடும். கோல்டு க்யூருக்கு அதைப்போல் ஐந்து மடங்கு விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். அந்த ஐந்து மடங்கு, பழுதுபார்த்த செட்டுகளைப் பற்றிப் பேசும்போது மறுபடி வரும்.

வாயில் ஒரு பிஎச், செட்டுக்கு அடியில் இன்னொன்று

ஆரோக்கியமான எச்சிலின் பிஎச் 6.2-க்கும் 7.6-க்கும் இடையில் இருக்கும். சும்மா இருக்கும்போது நிமிஷத்துக்கு 0.3 மில்லி சுரக்கும், மெல்லும்போது 1.5 மில்லிக்கு மேல். சுரப்பு கூடக் கூட அதில் பைகார்பனேட்டும் கூடும். அமிலத்தை அடித்துப்போடுவது அதுதான். எலுமிச்சைச் சாறு பிஎச் 2 முதல் 2.6, கோலா பானம் 2.5 வாக்கில். கேட்கப் பயமாக இருக்கும். ஆனால் புளிப்பு பட்டதும் எச்சில் ஊறுகிறதே, அந்த ஊறலே மருந்து. சில நிமிஷத்தில் வாய் பழைய நிலைக்குத் திரும்பத் தொடங்கிவிடும். மூன்று வேளைச் சாப்பாட்டில் புளிப்பு வாயில் இருக்கும் நேரம் தாராளமாக ஒரு மணி என்றே வைத்துக்கொண்டாலும் வருஷத்துக்கு 365 மணி நேரம்.

ராத்திரிக் கணக்கு வேறு. தூக்கத்தில் சுரப்பு ஏறக்குறைய நின்றுவிடும். 8 மணி நேரம் வீதம் வருஷத்துக்கு 2,920 மணி நேரம். மேல் செட் அண்ணத்தோடு ஒட்டி நிற்பதே நடுவில் உள்ள மெல்லிய எச்சில் படலத்தாலும் ஓரத்தில் காற்று நுழையாத இறுக்கத்தாலும்தான். அந்த இறுக்கத்துக்குள் காதுப்பக்க எச்சில் சுரப்பியின் பைகார்பனேட் எட்டிப்பார்க்காது. அண்ணத்தில் இருக்கும் சின்னச் சுரப்பிகள் வழுவழுப்பான சளியைத்தான் தருகின்றன. அமிலத்தை எதிர்க்கும் சக்தி அதில் சொற்பம்.

காலையில் எழுந்ததும் கழற்றிய ஒரு மேல் செட்டைத் திருப்பிப் பாருங்கள். நாக்குப் பக்கம் வழவழப்பாக இருக்கும். அண்ணத்தில் படியும் பக்கம் மங்கலாக, மணல் தூவினாற்போல் இருக்கும். அது தேய்மானம் அல்ல, கட்டின அன்றே அப்படித்தான் இருந்தது. வாயின் அச்சில் உள்ள ஒவ்வொரு வரியும் பதிந்திருந்தால்தான் செட் பிடிக்கும் என்பதால் அந்தப் பக்கத்துக்கு யாரும் பாலிஷ் போடுவதில்லை. அதன்மேல் நகத்தால் மெதுவாக இழுத்தால் வெள்ளையாக, மாவு போல ஒரு படலம் வரும். கிருமியும் காண்டிடா என்ற பூஞ்சையும் சேர்ந்து நெய்த படலம் அது. ராத்திரி சாப்பிட்ட பால் சாதத்தின் சர்க்கரையை வைத்துக்கொண்டு அது விடிய விடிய அமிலம் சுரக்கிறது. வாயிலுள்ள எச்சில் 6.8 காட்டும் அதே ஆளிடம் இந்தப் படலத்துக்கு அடியில் 5-க்குக் கீழேயும் போகக்கூடும். காண்டிடாவுக்கு அந்தப் புளிப்பு சொர்க்கம். அதன் புரதம் செரிக்கும் நொதிகள் அமிலத்தில்தான் வேலை செய்யும். பரப்பில் ஒட்டும் திறனும் அமிலத்தில் கூடும். அண்ணம் செட்டின் வடிவத்திலேயே சிவந்துபோவது இதனால்தான். சிவப்பு புள்ளியா, பரவலா, மருப்போலவா என்று மூன்றாக ஏ.வி. நியூட்டன் என்ற ஆய்வாளர் 1962-இல் பிரித்த பிரிவைத்தான் இன்றும் பயன்படுத்துகிறோம்.

சொரசொரப்பு ஒரு வட்டத்தை ஓட்டுகிறது. பரப்பின் சராசரி மேடுபள்ளம் 0.2 மைக்ரோமீட்டரைத் தாண்டினால் கிருமிப் படலம் கூடுதலாகப் பிடிக்கத் தொடங்கும். படலம் பிடித்தால் அமிலம். அமிலத்தில் ஊறிய மேல்தோல் கொஞ்சம் இளகுகிறது. இளகிய தோலைப் பற்பசையும் முரட்டு பிரஷும் கீறுகின்றன. கீறினால் 0.2 எங்கோ பின்னால் நிற்கும்.

இந்த வட்டம் யாருக்கு வேகமாகச் சுழலும் என்பதை வாயைப் பார்ப்பதற்கு முன்பே மருந்துச் சீட்டைப் பார்த்துச் சொல்லிவிடலாம். ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரிக்கும் மாத்திரை, மன அழுத்தத்துக்கு அமிட்ரிப்டிலின், பெங்களூர்ப் பூந்தாதுத் தும்மலுக்குத் தினமும் செட்ரிசின்: மூன்றும் வாயை வறளவைக்கும். சர்க்கரை நோயில் எச்சிலிலும் குளுக்கோஸ் ஏறும். ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இழுப்பவர் வாய் கொப்பளிக்காவிட்டால் காண்டிடா வரும். நெஞ்செரிச்சல்காரர்களுக்கு ராத்திரி மேலேறி வரும் இரைப்பை அமிலம் பிஎச் 2 வாக்கில் இருக்கும். அது கீழ் செட்டின் பின்பக்கத்தைத் தேடி வந்து தேங்கும். நாள்பட்ட சிறுநீரக நோயில் கதை தலைகீழ். எச்சிலில் யூரியா கூடி, அது அம்மோனியாவாகி, பிஎச் மேலே ஏறும். அவர்கள் செட்டில் அமிலத் தொல்லை குறைவு. ஆனால் காரை (பல்லில் கட்டுவது போன்ற கெட்டிச் சுண்ணாம்புப் படிவு) மளமளவென்று படியும். காரை படிந்த பரப்பும் சொரசொரப்புதான். அதைக் கத்தியால் சுரண்டுபவர்கள் அமிலம் பத்து வருஷத்தில் செய்யாததை ஐந்து நிமிஷத்தில் செய்துவிடுகிறார்கள்.

பெங்களூரில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது

செட்டின் ஆயுள் பெரும்பாலும் வேகவைக்கும் தொட்டியில் தீர்மானமாகிவிடுகிறது. பிளாஸ்டர் அச்சில் மாவு நிலையிலுள்ள ஆக்ரிலிக்கை அமுக்கி, அந்த அச்சை அடக்கிய உலோகப் பெட்டியான பிளாஸ்க்கை இறுக்கித் தண்ணீரில் வைத்து வேகவைக்கும் முறைகள் இரண்டு. நீண்ட முறையில் 74 டிகிரியில் 8 மணி நேரமோ அதற்கு மேலோ. குறுகிய முறையில் 74 டிகிரியில் 2 மணி நேரம், பிறகு 100 டிகிரியில் 1 மணி நேரம். முதல் இரண்டு மணி நேரத்தின் நோக்கம் பொறுமை. வினை தானே சூட்டை வெளியிடும். மோனமரின் கொதிநிலை 100.8 டிகிரி. எடுத்த எடுப்பில் கொதிக்கவிட்டால் தடித்த பகுதிகளில் மோனமர் ஆவியாகிக் குமிழ் விழும். கடைசி ஒரு மணி நேரத்தின் நோக்கம் வேறு: மெல்லிய அண்ணப் பகுதியிலும் மீந்த மோனமரைத் தீர்ப்பது.

பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. திறந்த தொட்டியில் தண்ணீர் இங்கே 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். தெர்மோஸ்டாட்டை 100-இல் வைத்துவிட்டுக் காத்திருந்தால் காட்டி ஏறவே ஏறாது, தண்ணீர்தான் வற்றும். மூன்று டிகிரியால் குடிமுழுகிப் போகாது. ஆனால் "கொதிச்சாச்சு, இருபது நிமிஷம் போதும்" என்று இறக்கிவைக்கும் லேப்புக்கு அந்த மூன்று டிகிரியும் நாற்பது நிமிஷமும் சேர்ந்துகொள்கின்றன. போர்வெல் தண்ணீர் ஊற்றும் தொட்டியில் ஹீட்டிங் காயில் மேல் உப்பு ஓடு கட்டும். உணர்கருவி மேலும் கட்டும். டயல் ஒன்று சொல்லும், தண்ணீர் வேறு சொல்லும். தனியாக ஒரு தெர்மாமீட்டரைப் பிளாஸ்க்குக்குப் பக்கத்தில் தொங்கவிட்டுப் பார்ப்பது ஐந்து பைசா செலவில்லாத தரக்கட்டுப்பாடு. நடுவில் கரண்ட் போனால், போன நேரத்தைக் கழித்துவிட்டு மீதியைக் கூட்ட வேண்டும். கடிகாரத்தை மட்டும் பார்த்து இறக்கக் கூடாது.

இறக்கிய பிறகு பிளாஸ்க் அரை மணி நேரம் காற்றில் ஆற வேண்டும், பிறகு கால் மணி நேரம் குழாய்த் தண்ணீரில். சூட்டோடு பிரித்தால் செட் வளைவது கண்ணுக்குத் தெரியும். உள்ளே பூட்டிக்கொண்ட இறுக்கம் தெரியாது. அந்த இறுக்கம் உள்ள இடத்தில் பின்னால் சாராயம் கலந்த மவுத்வாஷ் பட்டால் சிலந்தி வலை போல மயிரிழை வெடிப்பு வரும். அச்சில் ஈரத்தைத் தடுக்கும் பூச்சான கோல்டு மோல்டு சீலைச் சரியாகப் பூசாமல் விட்டாலும் பிளாஸ்டரின் ஈரம் மாவுக்குள் போய் அந்தப் பரப்பு வெளுத்து, பலவீனமாகிவிடும்.

தேய்ப்பிலும் கவனம் வேண்டும். அண்ணம் 2 மில்லிமீட்டர் தடிமனில் வந்ததை, "நாக்குக்கு எடமே இல்லை" என்ற புகாருக்காக ஒன்றரைக்கு இறக்கினால் வளைவை எதிர்க்கும் விறைப்பு கால் பங்கு குறைந்தது என்று நினைப்பார்கள். விறைப்பு தடிமனின் முப்படியைப் பொறுத்தது. மிஞ்சுவது பழையதில் 42 சதவீதம்தான். நோயாளி கேட்கும் அந்த மயிரிழைக் கோடு பெரும்பாலும் இதன் பிள்ளை. ஈறு எலும்பு வருஷாவருஷம் கரைய, அண்ணத்தின் நடு எலும்பு மட்டும் மேடாக நிற்க, ஒவ்வொரு கடியிலும் செட் அந்த மேட்டின்மேல் சீசாப் பலகை மாதிரி ஆடுகிறது. மேலுதட்டை ஈறோடு கட்டும் சதை நாணுக்காக வெட்டிய பள்ளத்தில் விரிசல் தொடங்கும். அமிலம் செய்வது அந்த விரிசலுக்கு ஒரு தொடக்கப்புள்ளி கொடுப்பது மட்டும்.

முறிந்த செட்டை ஒட்டவைக்கக் கோல்டு க்யூர்தான் கைக்கு வசதி. அரை மணி நேரத்தில் வேலை முடியும். அந்த ஒட்டின் வலு முதலில் இருந்ததில் 60 முதல் 65 சதவீதம். ஐந்து மடங்கு கரைதல், பத்து மடங்கு மோனமர் என்று மேலே பார்த்த எண்களெல்லாம் அந்த ஒரு கோட்டில் குடியிருக்கின்றன. ஆறே மாதத்தில் ஒட்டுக் கோடு மட்டும் காபிக்கறை பிடித்துத் தனியாகத் தெரிவது இதனால்தான். ஒட்டிய பிறகு 50 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் போட்டுவைத்தால் மீந்த மோனமர் நன்றாகக் குறையும். பல கிளினிக்குகளில் இந்த ஒரு மணி நேரம் கிடைப்பதில்லை. நோயாளி பஸ்ஸைப் பிடிக்க நிற்கிறார்.

மற்ற பொருள்கள் பற்றிச் சுருக்கமாக. செட்டுக்கு அடியில் போடும் மெத்தென்ற தற்காலிக லைனர்கள் அமில வாயில் முதலில் சாகும். அவற்றில் உள்ள ஆல்கஹால் ஓரிரு நாளிலும் இளக்கி எண்ணெய் சில வாரங்களிலும் கசிந்துவிட, மெத்தை கட்டையாகும். வளையும் நைலான் செட் முறியாது என்பது உண்மை. பாலிஷ் ஏறுவது கடினம், ஏறியதும் நிற்பதில்லை என்பதும் உண்மை. வறண்ட வாய்க்கு அது எங்கள் முதல் தேர்வு அல்ல. கோபால்ட்-குரோமியத் தகட்டின் பாதுகாப்பு அதன் குரோமிய ஆக்சைடுத் தோல். அழுக்குக்கு அடியில் அமிலமும் உப்பும் தேங்கினால் அங்கே புள்ளிப்புள்ளியாகக் குழி விழும். டைட்டானியத்துக்கு ஆகாதது அமிலத்தோடு சேர்ந்த புளோரைடு. தொழிற்சாலையில் அழுத்தத்தில் இறுக்கிய ஆக்ரிலிக் தட்டிலிருந்து கடைந்தெடுக்கும் செட்டில் மீந்த மோனமர் மிகக் குறைவு. காசு இருந்தால் அமில வாய்க்கு அதுவே நல்லது. 3டி அச்சில் எடுக்கும் ரெசின் செட்டின் தரம், அச்சடித்தபின் அதைக் கழுவுவதையும் ஒளியில் இறுக்குவதையும் பொறுத்தது. அதை அவசரப்படுத்தினால் கோல்டு க்யூரின் கதைதான்.

அளப்பதும் கழுவுவதும்

வாயின் பிஎச் அளக்க 5 முதல் 8 வரை காட்டும் தாள் போதும். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, பல்லோ வாயோ கழுவாமல், கீழ் உதட்டுக்குள் தேங்கும் எச்சிலைத் தொட்டுப் பத்து விநாடிக்குள் நிறத்தைப் பார்க்க வேண்டும். கப்பில் துப்பிவைத்துவிட்டுப் போன் பேசிவிட்டு வந்து பார்த்தால் தப்பு வரும். எச்சிலில் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி பிஎச்சை உயர்த்திவிடும். அமில வாய் நல்ல வாயாகத் தெரியும். இரண்டாவது தாளை, காலையில் கழற்றியவுடன் செட்டின் அண்ணப் பக்கத்துப் படலத்தில் ஒட்ட வேண்டும். இரண்டு தாளுக்கும் உள்ள வித்தியாசம்தான் விஷயம். சுரப்பை அளக்க, ஐந்து நிமிஷம் பேசாமல் உட்கார்ந்து ஊறுவதை மருந்து மூடியில் துப்பினால் ஆயிற்று. அரை மில்லிகூடத் தேறவில்லையென்றால் வாய் வறட்சி நிச்சயம்.

கழுவ மென்மையான பிரஷும் பாத்திரம் தேய்க்கும் திரவத்தில் இரண்டு சொட்டும். பற்பசை வேண்டாம், அதன் துகள் எனாமலுக்கு ஏற்றது, ஆக்ரிலிக்குக்கு உப்புத்தாள். சிங்க்கில் தண்ணீர் நிரப்பிவிட்டு அதன்மேல் பிடித்துக் கழுவினால் கை நழுவினாலும் முறியாது. ராத்திரி கழற்றிச் சாதாரணத் தண்ணீரில் மூழ்கவைக்க வேண்டும். அலமாரியில் காயவைத்தால் குடித்த தண்ணீர் வெளியேறிச் செட் சுருங்கும், பிடி குறையலாம். காண்டிடா இருந்தால், 5 சதவீத வீட்டு பிளீச்சில் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து, பத்தே நிமிஷம். அதற்கு மேல் வைத்தால் நிறம் வெளுக்கும்; உலோகம் உள்ள செட்டுக்கு இது கூடவே கூடாது. காரைக்கு, வினிகரும் தண்ணீரும் சரிபாதி, கால் மணி நேரம், வாரம் ஒருமுறை. முன்பே சொன்னபடி இவ்வளவு வினிகர் ஆக்ரிலிக்கை ஒன்றும் செய்யாது. பிளீச் இருந்த அதே கிண்ணத்தில், கழுவாமல் வினிகரை ஊற்றக் கூடாது: குளோரின் வாயு கிளம்பும், குளியலறைக் கதவு மூடியிருந்தால் மூச்சு திணறும்.

வறண்ட வாய்க்காரர்களுக்கு ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சமையல் சோடா கலந்து, சாப்பாட்டுக்குப் பிறகும் படுக்கும் முன்பும் கொப்பளிக்கச் சொல்கிறோம். அதே தண்ணீரில் செட்டையும் முக்கலாம். சாம்பார் மஞ்சள் பிடித்த செட் சோடாத் தண்ணீரில் திடீரென்று செம்மையாவதைப் பார்த்துச் சிலர் பதறுவார்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் குங்குமமாவது போலத்தான் அது. செட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. வெற்றிலை போடுபவர் செட்டில் அந்தச் சிவப்பு அங்கங்கே நிரந்தரமாகவே உட்கார்ந்திருக்கும்.

காலைத் தாள் 5.5-க்குக் கீழே காட்டுகிற, புதிதாகச் செட் கட்டப்போகிற ஒருவருக்கு லேப் சீட்டில் நாலு வரி கூடுதலாக எழுதினால் நல்லது. நீண்ட வேகவைப்பு, அல்லது குறுகியதென்றால் கடைசி ஒரு மணி நேரம் முழுசாக. அண்ணம் 2 மில்லிமீட்டருக்குக் குறையாமல். கோல்டு க்யூர் திருத்தம் எங்கேயும் கூடாது. பாலிஷ் முடிந்தபின் 48 மணி நேரம் தண்ணீரில் ஊறிய பிறகே டெலிவரி. முதல் மூன்றையும் லேப் கேட்கும். நாலாவது வரிதான் நிற்பதில்லை: ஞாயிற்றுக்கிழமை திருப்பத்தூரில் பேத்தி கல்யாணம், வெள்ளிக்கிழமை சாயந்திரம் செட் வேண்டும் என்பார்கள். கொடுத்துத்தான் ஆக வேண்டும். அப்போது செட்டை ஈரப் பஞ்சோடு டப்பாவில் போட்டுக் கொடுத்து, முதல் வாரம் தூங்கும் நேரம் முழுக்க அது டம்ளரில்தான் இருக்க வேண்டும், டம்ளர் தண்ணீரைத் தினமும் மாற்ற வேண்டும் என்று வீட்டில் செட்டைக் கழுவப்போகிற ஆளிடம் சொல்லி அனுப்புங்கள்.